வாடகைத்தாய் வழக்குகளும் கார்த்திகைப் பெண்டிர் தொன்மமும்

முன்னுரை

பழனியில் மாதந்தோறும் கார்த்திகை நாளில் அடியவர் நோன்பிருந்து முருகனை வழிபடுகின்றனர். முருகனைப் பெறாது பாலூட்டி வளர்த்த அறுவரின் பெயரை அந்நாள் தாங்கி நிற்கிறது. கருவுக்கு உரியவர், சுமந்தவர், வளர்ப்பவர் எனத் தாய்மை பிரியும்போது குழந்தை யாருக்கு உரியது என்னும் வினாவே வாடகைத்தாய் வழக்குகளுக்கும், அவற்றைச் சித்திரிக்கும் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் அடிப்படையாகும்.

'பேபி எம்' வழக்கும் நாடகமும்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 10,000 டாலர் ஒப்பந்தத்தின்படி, தம் கருமுட்டையாலேயே கருவுற்ற பெண் ஒருவர் 1986இல் பெற்ற குழந்தையை விட்டுத்தர மறுத்தார். 1987இல் விசாரணை நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது. 1988 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கிப் பெற்றவரையே தாயென ஏற்றது. எனினும், குழந்தையின் நலன் கருதி வளர்ப்புரிமையைத் தந்தைக்கு அளித்தது. தாய்க்குக் குழந்தையைக் காணும் உரிமை மட்டும் எஞ்சியது. அவ்வாண்டே ஏபிசி தொலைக்காட்சி இவ்வழக்கைக் குறுந்தொடராக ஒளிபரப்பியது.

இந்தியச் சட்டம்

2022 ஜனவரி 25 முதல் நடைமுறையிலுள்ள வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம், 2021 இத்தகைய பூசலை முன்னரே தவிர்க்க முயல்கிறது. சுமப்பவர் தம் கருமுட்டையைத் தருதல் கூடாது. பெற்றோர் யார், வளர்ப்புரிமை யாருக்கு என்பன குறித்து நீதிமன்ற ஆணை முன்னதாகவே பெறப்படல் வேண்டும். கரு கருப்பையில் வைக்கப்படும் முன்னர் மட்டுமே சுமப்பவர் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். மருத்துவச் செலவு, காப்பீடு போன்றவை தவிரப் பணம் பெறுதலும் குற்றமாகும். வாடகை விலக்கப்பட்ட பின்னும் 'வாடகைத்தாய்' என்னும் சொல்லே வழக்கில் நீடிக்கிறது.

தொன்மம் காட்டும் வழி

சிவனின் நெற்றிக்கண்ணில் தோன்றிய பொறிகளைக் கங்கை சுமந்து சரவணப் பொய்கையில் சேர்த்தாள். கார்த்திகைப் பெண்டிர் பாலூட்டினர். உமை அறுவரையும் தழுவி ஒருவனாக்கினாள் என்பது கந்தபுராணக் கதை. மகன் உமையிடமே சேர்கிறான். ஆயினும், சுமந்தவளால் காங்கேயன் என்றும், பாலூட்டியவர்களால் கார்த்திகேயன் என்றும் பெயர் பெறுகிறான்.

முடிவுரை

குழந்தை ஓரிடத்தில் வளர்வதும் சுமந்தவர் நினைக்கப்படுவதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதைத் தொன்மம் உணர்த்துகிறது. சட்டம் சுமந்தவருக்கு 36 மாதக் காப்பீட்டை உறுதிசெய்கிறது. குழந்தையின் வாழ்வில் அவருக்கு இடம் வகுக்கவில்லை. நீதிமன்றத் தீர்ப்பு உரிமைப் பூசலை முடிக்கலாம். சுமந்தவருக்குரிய நன்றிக்கடன் அத்தீர்ப்போடு முடிவதில்லை.