ஒரு கார்டைத் தொட்டால் எல்லா வாத்தியமும் ஏன் மாறுகிறது?

ஹட்டன் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “தோட்டத்துத் திருவிழாவுக்காகக் கீபோர்டில் ஒரு பாட்டைப் பதிந்து வைத்தேன். ஐந்தாவது பாரில் சி மேஜரை அழித்து ஏ மைனர் போட்டேன். நான் தொட்டது அந்த ஒன்றைத்தான். பேஸ், கிட்டார், வயலின் எல்லாம் தாமாகவே திருந்திக்கொண்டன. விளம்பரங்களில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு இதுதானா?”

இல்லை. இது கூட்டல், கழித்தல், கூடவே ஒரு சின்ன அட்டவணை. அந்தப் பெரிய பெயர் கடைவீதிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே கீபோர்டுகள் இந்த வேலையைச் செய்துவந்தன.

சுரங்களுக்கு எண் கொடுக்கும் மிடி முறை 1983இல் வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குத்தாரோ ககேஹாஷியும் அதற்கு முன்னின்றார்கள். 2013இல் இருவருக்கும் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது. வரலாறு இவ்வளவு போதும், நமக்கு வேண்டியது எண்கள். நடு சி 60. கறுப்போ வெள்ளையோ, அடுத்த கட்டைக்கு ஒன்று கூடும். சி மேஜர் 60, 64, 67.

நீங்கள் பதிந்தது ஒலியை அல்ல. ‘ஐந்தாம் பார், முதல் அடி, ஏ மைனர்’ என்ற குறிப்பு மட்டுமே உள்ளே இருக்கிறது. வாத்தியங்களுக்கான மூல வாசிப்பு, ஸ்டைல் எனும் துணையிசை மாதிரியில் ஏற்கெனவே உண்டு. பாட்டு ஓடும்போது கீபோர்ட் குறிப்பைப் பார்த்து அந்த மூல வாசிப்பை மாற்றி வாசிக்கிறது. அழகு எங்கே என்றால், எல்லோருக்கும் ஒரே விதி இல்லை. பேஸ் மாதிரியானவற்றுக்கு மொத்தமாக மூன்றைக் கழிக்கிறது: 57, 61, 64. இது ஏ மேஜர். மைனர் வேண்டுமென்பதால் அட்டவணை நடுச் சுரத்தை 60க்கு இறக்குகிறது. கார்ட் பிடிக்கும் கிட்டாருக்கோ ‘இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராதே’ என்பது விதி: 60, 64, 69. 67 மட்டும் இரண்டு படி ஏறியது, அவ்வளவுதான். இதுவும் ஏ மைனர்தான், ஆனால் காதுக்குத் தாவல் தெரியாது.

இதைத் தோட்டத்துக் காட்சியாகப் பாருங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி மலை நம்பரை மட்டும் மாற்றிச் சொல்கிறார். யாருக்கும் தனித்தனியே வழி சொல்லவில்லை, ஆனால் கூடை தூக்கிய அத்தனை பேரும் திரும்புகிறார்கள். பேஸ் கூட்டம் வரிசை குலையாமல் அப்படியே இடம்பெயரும். கிட்டார் கூட்டம் கைக்கெட்டிய நிரையைப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் மட்டும் இரண்டு நிரை தள்ளிப் போவார். தாளம், கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை. எந்த மலையானாலும் அவர் நேரம் மாறாது. மாறவும் கூடாது: தாளப் பகுதியில் எண் என்பது சுரம் அல்ல, கருவி. 38 ஸ்னேர் டிரம், அதில் இரண்டைக் கழித்தால் 36, பேஸ் டிரம் ஆகிவிடும்!

சில மொடல்களில் குறிப்புகளைச் சுரங்களாக விரித்துச் சேமிக்கலாம். விரித்தபின் ஒரு கார்டைத் திருத்த ஒவ்வொரு சுரமாகத் தொட வேண்டும். விரிப்பதற்கு முன்பே வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

எந்தக் கார்டைப் போடுவது என்று இந்தக் கணக்கு சொல்லாது. அடியின் முடிவில் குரல் 64இல் நிற்கிறது என்று வையுங்கள். சி மேஜர், ஏ மைனர், இ மைனர் மூன்றிலும் அந்தச் சுரம் உண்டு. சி மேஜர் பாட்டை உட்காரவைக்கும், ஏ மைனர் கனக்கவைக்கும், இ மைனர் அந்தரத்தில் நிறுத்தும். ‘தானே இசையமைக்கும்’ என்று விற்கப்படும் எந்தப் பெட்டியையும் இந்த முடிவை உங்களுக்காக எடுக்க விடாதீர்கள்.

தப்பும் குரலுமாய் நிற்கும் காமன் கூத்துப் பாட்டுக்குக் கார்ட் தேடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். குரல் 63க்கும் 64க்கும் நடுவே வழுக்கினால் மைனரும் உரசும், மேஜரும் உரசும். அங்கே நடுச் சுரத்தையே எடுத்துவிட்டு 60, 67 இரண்டை மட்டும் வையுங்கள். யமஹா கார்ட் பட்டியலில் 1+5 என்று இருப்பது இதுதான்.