மீன் திரும்பி வந்துடுச்சு... ஐஸ் வருமா? - உறைந்த ஏரியில் தூண்டில் போடும் மினசோட்டாவின் கதை

2023, டிசம்பர் 29. புத்தாண்டுக்கு இன்னும் இரண்டே நாள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே இருக்கும் அப்பர் ரெட் லேக் ஏரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தூண்டில் போட்டுக் காத்திருந்தார்கள். படகில் இல்லை. உறைந்துபோன ஏரியின் மேலேயே!

மாலை ஐந்து மணிவாக்கில் போலீஸுக்கு அவசர அழைப்பு போனது. அவர்கள் நின்றிருந்த ஐஸ் பாளம் கரையிலிருந்து பிய்ந்துகொண்டு நகர ஆரம்பித்திருந்தது. கரைக்கும் அவர்களுக்கும் நடுவே சுமார் 30 அடி அகலத்துக்குத் தண்ணீர். உதவி செய்ய நினைத்த ஒருவர் சின்னத் துடுப்புப் படகில் ஆட்களை ஏற்றிவரப் பார்க்க, நான்கு பேர் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்துவிட்டார்கள். நல்லவேளை, மீட்டுவிட்டார்கள். அன்று இரவுக்குள் மொத்தம் 122 பேர் பத்திரமாகக் கரைசேர்ந்தார்கள். இதில் இன்னொரு விஷயம், இது முதல் தடவையும் இல்லை. 2022 நவம்பர் கடைசியில் இதே ஏரியில் சுமார் 200 பேர் இப்படித்தான் மாட்டிக்கொண்டு மீட்கப்பட்டார்கள்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் போகிறார்கள்?

மினசோட்டாக்காரர்களிடம் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பத்து ஏக்கருக்கு மேல் பரப்புள்ள ஏரிகள் மட்டுமே 11,842 இருக்கும் மாநிலம் அது. குளிர்காலம் வந்தால் அவை உறைந்துவிடும். ஆனால், மேலே உறைந்தாலும் அடியில் உறையாது. தண்ணீர் சுமார் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அந்தத் தண்ணீர் கீழே போய்த் தங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் மேலே நின்று உறையும். உறைந்த ஐஸே ஒரு போர்வை மாதிரி கீழே இருக்கும் தண்ணீரைக் காப்பாற்றும். மீன்கள் அதற்குள் மெதுவாக நீந்திக்கொண்டு, குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு குளிர்காலத்தைக் கடத்தும்.

அந்தப் போர்வையில் ஓட்டை போட்டுப் பிடிப்பதுதான் ஐஸ் ஃபிஷிங். பெரிய திருகாணி போன்ற துளைக்கருவியால் எட்டு, பத்து அங்குல அகலத்துக்குத் துளை போடுவார்கள். அதில் மிதக்கும் ஐஸ் தூளை, நம் வீட்டு ஜல்லிக்கரண்டி மாதிரியே இருக்கும் கரண்டியால் அள்ளி வெளியே போடுவார்கள். வடை எடுக்கிற அதே ஸ்டைல்! பிறகு முழ நீளமே இருக்கும் குட்டித் தூண்டிலில் உயிருள்ள சின்ன மீனைக் கோத்து இறக்கிவிட்டு, நரம்பை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு தூண்டில் வரை அனுமதி. கையில் லைசென்ஸ் வேண்டும்.

வெளியே மைனஸ் 20 டிகிரி என்றால் எப்படி உட்காருவது? அதற்குத்தான் ஐஸ் வீடு. கூடாரமும் உண்டு, கட்டில், ஹீட்டர், அடுப்பு வைத்த சக்கர வீடும் உண்டு. தரையில் துளை இருக்கும். படுத்துக்கொண்டே மீன் பிடிக்கலாம். குழந்தை குட்டிகளோடு வார இறுதியை அதிலேயே கழிக்கும் குடும்பங்கள் ஏராளம். பிடித்த மீனை அங்கேயே மாவில் தோய்த்துப் பொரித்துவிடுவார்கள்.

அங்கே எல்லோரும் தேடுவது 'வால்ஐ' மீனை. இருட்டில் பூனைக்கண் போல மின்னும் பெரிய கண்கள், வெள்ளைச் சதை, லேசான ருசி. 1965 முதல் மினசோட்டாவின் மாநில மீன் இதுதான். பெரும்பாலான ஏரிகளில் விடியலிலும் அந்தி நேரத்திலும்தான் இது நன்றாகக் கடிக்கும். ஆனால் ரெட் லேக்கின் தண்ணீர், சுற்றியிருக்கும் சதுப்பு நிலத்தால் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். உள்ளே வெளிச்சம் குறைவு என்பதால் பட்டப்பகலிலும் மீன் கிடைக்கும். தவிர, இது ஆழமில்லாத ஏரி. அதிகபட்ச ஆழமே 20 அடியைத் தாண்டாது. அதனால் பெரிய ஏரிகளில் முதலில் உறைவதும் இதுதான். சீசனின் முதல் ஐஸில் மீன்கள் சுறுசுறுப்பாகக் கடிக்கும், கரைக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். ஒன்பது மாதம் காத்திருந்தவர்கள் நவம்பர் கடைசியிலேயே கிளம்பி ஓடிவருவது அதனால்தான். ஐஸ் மிக மெல்லிதாக இருக்கும் நாட்களும் அவைதான் என்பதுதான் சிக்கல்.

ஒரு வால்ஐகூட பிடிக்காத ஏழு ஆண்டுகள்

இந்த ஏரியில் வால்ஐ கிடைப்பதே ஒரு பெரிய கதை. அப்பர், லோயர் என்ற இரண்டு ரெட் லேக்குகளின் பெரும்பகுதி, ரெட் லேக் ஓஜிப்வே பழங்குடி மக்களுக்குச் சொந்தம். அப்பர் ரெட் லேக்கின் கிழக்குப் பகுதி மட்டும் மாநில அரசின் கையில் இருக்கிறது. முதல் உலகப்போர் காலத்தில், உணவுத் தேவைக்காக இங்கே வணிகரீதியான மீன்பிடிப்பு ஆரம்பித்தது. பல பத்தாண்டுகள் இரு தரப்பும் அள்ளியெடுத்ததில், 1990-களின் நடுவில் வால்ஐ கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது.

முதலில் நிறுத்தியது ஓஜிப்வே மீனவர்கள்தான். 1997-ல் தங்கள் வலைகளைத் தாங்களே சுருட்டிவைத்தார்கள். பிழைப்பே அதுதான் என்று இருந்தவர்கள் எடுத்த முடிவு இது! 1999-ல் மாநில அரசும் பழங்குடி அரசும் ஒப்பந்தம் போட, ஏரி முழுவதும் வால்ஐ பிடிக்கத் தடை வந்தது. 1999, 2001, 2003 என மூன்று முறை, மொத்தம் 10 கோடிக்கும் மேற்பட்ட மீன்குஞ்சுகளை விட்டார்கள். 2006-ல் ஏரி மீண்டும் திறந்தபோது வால்ஐ நிறைந்திருந்தது.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. வால்ஐ இல்லாத காலத்தில் 'கிராப்பி' என்கிற இன்னொரு மீன் கன்னாபின்னாவென்று பெருகி, தட்டு அளவுக்கு வளர்ந்து நின்றது. அதைப் பிடிக்கவே கூட்டம் அலைமோதியது. வால்ஐ திரும்பியதும் கிராப்பி ஒதுங்கிக்கொண்டது.

பழைய பாடம் மறக்கவில்லை. ஆண்டுதோறும் மீன் இருப்பைக் கணக்கிட்டு, ஒருவர் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பார்கள். 17 அங்குலத்தைத் தாண்டியது ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்பது போன்ற நிபந்தனையும் வரும். பெரியவை முட்டையிடும் மீன்கள் என்பதால் அவற்றை ஏரிக்கே விட்டுவிட வேண்டும்.

ஆக, மீன் பிரச்னை தீர்ந்தது. இப்போது பிரச்னை ஐஸ்.

எத்தனை அங்குலம்?

குளிர்காலத்தில் அங்கே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மாநில இயற்கை வளத்துறையின் கணக்குப்படி, ஆள் நடக்கக் குறைந்தது 4 அங்குலம். பனிச்சறுக்கு வண்டிக்கு 5 முதல் 7. சின்ன கார் என்றால் 9, 10. சக்கர வீட்டை இழுத்துவரும் பெரிய டிரக்குக்கு 20 அங்குலத்துக்கு மேல் வேண்டும். இதெல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவான புது ஐஸுக்குத்தான். வெள்ளையாக, பனி கலந்து உறைந்த ஐஸ் என்றால் இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். 'நூறு சதவிகிதம் பத்திரமான ஐஸ் என்று ஒன்றே கிடையாது' என்பதையும் அந்தத் துறை ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அனுபவசாலிகள் கையில் கடப்பாரை போன்ற ஒரு கம்பியோடு, முன்னால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். கழுத்தில் இரண்டு கூரான ஆணிப்பிடிகள் தொங்கும். விழுந்தால் ஐஸில் குத்தி, வந்த திசையிலேயே ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு வர வேண்டும். '1-10-1' என்று குழந்தைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள். விழுந்ததும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் பதறாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

ரெட் லேக்கில் தடிமனை மட்டும் பார்த்தால் போதாது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை தடுப்பே இல்லாத வெட்டவெளி. காற்று பலமாக அடித்தால் ஐஸ் மொத்தமாகக் கரையை விட்டு விலகும். நடுவில் இருப்பவர் காலடியில் ஐஸ் கெட்டியாகத்தான் இருக்கும். திரும்பும் வழிதான் இருக்காது. 2023 கிறிஸ்துமஸ் சமயத்தில் பனி கொட்ட வேண்டிய மினசோட்டாவில் மழை கொட்டியது. அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் அந்த 122 பேர் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த 2023-24 குளிர்காலம், மினசோட்டாவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. எல் நினோவும் சேர்ந்துகொண்டது. ஆனால் எல் நினோ மேல் மட்டும் பழியைப் போட முடியாது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அந்த மாநில ஏரிகள் சராசரியாகப் பத்து நாட்களுக்கும் மேல் ஐஸை இழந்திருக்கின்றன. பத்து நாள்தானே என்று தோன்றலாம். ஏரிக்கரையில் லாட்ஜ் நடத்துபவரிடம் கேட்டால் தெரியும். ஐஸ் மேல் பனியை ஒதுக்கி ரோடு போடுவது, விரிசல்கள் மேல் தற்காலிகப் பாலம் வைப்பது, ஐஸ் வீடுகளை வாடகைக்கு விடுவது எல்லாம் இவர்கள் வேலை. தூண்டில் இரை விற்பவர், பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை எல்லோரும் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். புக்கிங் ஆன வாரத்தில் ஐஸ் இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அந்தக் குளிர்காலத்தில் பனியில்லாமல் நொடித்த தொழில்களுக்கு அமெரிக்க மத்திய அரசு குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும் நிலை வந்தது.

மீனுக்காக ஏழு ஆண்டுகள் தூண்டிலை மடக்கிவைத்தார்கள், மீன் வந்தது. ஐஸுக்காக அந்த ஊர்க்காரர்கள் மட்டும் எதை மடக்கிவைக்க முடியும்?

ஐஸ் வீடுகளை ஏரியிலிருந்து அகற்ற மினசோட்டாவில் சட்டப்படி ஒரு கெடு உண்டு. தெற்கே மார்ச் முதல் திங்கள்கிழமை, ரெட் லேக் இருக்கும் வடக்கே மூன்றாவது திங்கள்கிழமை. 2024-ல் தெற்கே பல ஏரிகளில் அந்தத் தேதி வருவதற்குள் ஐஸே கிளம்பிப் போயிருந்தது.