உங்களுக்குத் தெரியுமா? – நச்சுக்கொடியை நாடும் கிருமி

1897ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்துக் கால்நடை வைத்திய நிபுணரான பெர்ன்ஹார்ட் பாங், சினைக்காலம் நிறைவதற்கு முன்பே கன்று வீசிய பசுக்களைப் பரிசோதித்து, அந்த அனர்த்தத்துக்குக் காரணம் 'புருசெல்லா அபார்ட்டஸ்' என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற நுண்கிருமியே என்று நிரூபித்தார். தீவனத்தோடும் நீரோடும் பசுவின் உடலில் புகுந்து, நிணநீர்க் கணுக்களில் தங்கி, இரத்தத்தின் வழியே கருப்பையை அடையும் இக்கிருமி, விசேஷமாக நச்சுக்கொடியில் செழித்துப் பெருகுவதற்கு, அங்கே மிகுதியாயுள்ள 'எரித்ரிடால்' என்னும் சர்க்கரை வகைப் பொருள் ஒரு காரணமென்பர். தாயின் போஷாக்கையும் பிராணவாயுவையும் கருவுக்குக் கடத்தும் கொடி முடிச்சுகள் அழுகி, இடைப்பட்ட சவ்வு பதனிட்ட தோலைப்போல் தடித்துவிடவே, பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குப் பின் கன்று வீசப்படுகிறது. பல பசுக்களுக்குக் கொடியும் விழாமல் தங்கிவிடுகிறது.

வீசப்பட்ட கன்றிலும் கொடியிலும் நிறைந்திருக்கும் இக்கிருமி மனிதருக்கும் விட்டுவிட்டு வரும் ஜுரத்தை உண்டாக்குமாதலால், அவற்றை வெறுங்கையால் தொடாமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதும், பாலைக் காய்ச்சியே பருகுவதும், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுவிப்பதும் மாடு வளர்ப்போர் அவசியம் அனுஷ்டிக்க வேண்டிய முறைகளாகும்.