மூச்சுக் கருவியை எங்கே வாங்குவது?

எங்கள் வீட்டில் கைப்பேசியில் ஆங்கிலம் வாசித்துப் பொருள் தேடிக் கொடுப்பது என் வேலை. உம்மாவின் தையல் இயந்திரத்துக்கு ஊசி, வாப்பாவுக்குக் கைவிளக்கு, எனக்கு உயர்தரப் பரீட்சைக்கான வினாத்தாள் தொகுப்பு என்று எத்தனையோ பொருட்கள் இணையக் கடைகளிலிருந்து என் தேடலால் வீடு வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று என் நானாவைக் கடலுக்கடியில் மூச்சுக்குத் தவிக்க வைத்தது. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றை என் தோழிகளும் அவர்களின் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நானா புத்தளத்தில் பிறந்தவர். கற்பிட்டிக் கடலில் சுழியோடக் கற்றவர். குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பிய பின்னரும் அதே தொழிலைத்தான் செய்கிறார். கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரத்தோடு சங்கும் கடலட்டையும் எடுக்கிறார்.

சுழியோடி முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவரும் கருவிக்கு ரெகுலேற்றர் என்று பெயர். நானாவின் ரெகுலேற்றர் பழுதாகியது. திருகோணமலையில் ஒரு கடையில் விலை கேட்டார். இரண்டு மாத வருமானம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் அன்றிரவே இணையத்தில் தேடினேன். அதே நிறம், அதே வடிவம், பாதி விலைகூட இல்லை. "சிறிதளவே பாவித்தது, புதியது போன்றது" என்று விற்பவர் எழுதியிருந்தார். ஐந்து நட்சத்திரங்களும் இருந்தன. "எங்க வாங்கினாலும் சாமான் ஒண்டுதானே நானா" என்று சொன்னதும் நான்தான்.

பொதி வந்தது. நானா அதைச் சிலிண்டரில் பூட்டி, முற்றத்தில் நின்று மூச்சு இழுத்துப் பார்த்தார். நன்றாகவே வேலை செய்தது. மறுநாள் ஆறு பாகம் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய 11 மீற்றரில், காற்று வர மறுத்தது. கூடச் சுழியோடிய மச்சான் தன்னுடைய மேலதிக வாய்க்கருவியை நீட்டியிராவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கமாட்டேன். அல்ஹம்துலில்லாஹ், இருவரும் பத்திரமாக மேலே வந்தார்கள். வீட்டுக்கு வந்த நானா என்னை ஏசவில்லை. "இழுக்க இழுக்கக் காத்து வரேல்ல தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு பல இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

முற்றத்தில் வேலை செய்தது கடலில் ஏன் நின்றது?

விடை எங்கள் பௌதிகவியல் பாடத்திலேயே இருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 10 மீற்றரில் மொத்த அமுக்கம் இரண்டு மடங்கு, 20 மீற்றரில் மூன்று மடங்கு. போயிலின் விதிப்படி அமுக்கம் இரு மடங்கானால் வாயுவின் கனவளவு பாதியாகும். ஆகவே 10 மீற்றர் ஆழத்தில் நுரையீரலை நிரப்ப, கரையில் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு காற்று தேவை. அந்தக் காற்றைச் சுற்றியுள்ள நீரின் அமுக்கத்துக்குச் சமமாக, இழுக்கும் கணத்திலேயே கொடுப்பதுதான் ரெகுலேற்றரின் வேலை.

சிலிண்டருக்குள் காற்று 200 பார் அளவில் அடைபட்டிருக்கும். மோட்டார் வண்டியின் ரயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல்தான். ரெகுலேற்றரின் முதற்பகுதி அந்த 200 பாரை, சுற்றியுள்ள அமுக்கத்தை விட 10 பார் அளவே கூடியதாகக் குறைக்கும். வாயில் வைக்கும் இரண்டாம் பகுதி அதையும் குறைத்து மூச்சாகத் தரும். 1943 இல் பிரான்சில் ஜக் கூஸ்தோவும் எமில் கான்யானும் இந்த முறையைச் சீர்ப்படுத்திய பிறகே மனிதன் மேலிருந்து வரும் குழாயின் துணையின்றிக் கடலடியில் தாராளமாக உலாவ முடிந்தது.

நிலாவெளியில் சுழியோடப் பழக்கும் நிலையமொன்றில் அந்த ரெகுலேற்றரைக் கழற்றிக் காட்டினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். முதற்பகுதியின் வாயிலில் ஒரு சிறு உலோக வடிகட்டி இருக்கிறது. அது பச்சை பிடித்து அடைபட்டிருந்தது. முன்பு வைத்திருந்தவர் உப்புநீர் உள்ளே போக விட்டிருக்கிறார். கரையில் தேவைப்படும் காற்றை விட அந்தத் துவாரங்கள் போதுமாயிருந்தன. ஆழத்தில் இரண்டு மடங்கு காற்றை விடப் போதவில்லை. படத்தில் அது தெரியவில்லை. நட்சத்திரங்களிலும் தெரியவில்லை. கழற்றிப் பார்க்கத் தெரிந்தவரின் கண்ணுக்கே தெரிந்தது.

கயிறு பிடித்த மச்சான்

அன்று திரும்பி வரும் வழியில் வாப்பா ஒரு பழங்கதை சொன்னார். மன்னார்க் கடலில் முத்துக்குளித்த காலத்தில் சுழியோடி ஒரு கனமான கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கிக் கீழே இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து சைகை வந்ததும் இழுத்தெடுக்க வேண்டியவர் அவரே. அந்தக் கயிற்றைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தவனையே வைப்பார்களாம். தங்கை விதவையாகக்கூடாது என்று நினைப்பவன் கயிற்றை விடமாட்டான் அல்லவா?

இந்தக் கடலின் முத்து உலகறிந்தது. 1344 இல் இங்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, யாழ்ப்பாண அரசராகிய ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது அவர் முன்னே முத்துக்கள் குவிந்திருந்ததையும் பணியாளர்கள் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த முத்து ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கயிறும், அதைப் பிடித்த ஒரு கையும் இருந்திருக்கும்.

இன்று கயிறு இல்லை. கருவிதான் கயிறு. அதை விற்பவரும் பழுது பார்ப்பவரும்தான் கயிறு பிடிப்பவர்கள். ஆகவே எங்கே மலிவு என்று கேட்பதற்கு முன்னர், இந்தப் பொருளுக்கு யார் பொறுப்பு நிற்பார் என்று கேட்க வேண்டும்.

கடையில் வாங்க வேண்டியவை

ரெகுலேற்றர், சிலிண்டர், உடம்பை மிதக்கவும் அமிழவும் வைக்கும் காற்றுச் சட்டை ஆகிய மூன்றும் உயிரைத் தாங்குபவை. இவற்றை ஆண்டுக்கொரு தடவையாவது பயிற்சி பெற்றவரிடம் பராமரிப்புக்குக் கொடுக்க வேண்டும். விற்ற கடையே அதைச் செய்யுமானால் அதன் விலையில் ஒரு பங்கு அந்தச் சேவைக்கானது. பல நிறுவனங்கள் தாம் அங்கீகரித்த முகவரிடம் வாங்கிய பொருளுக்கே உத்தரவாதம் தருகின்றன. வேறு வழியில் வந்த பொருளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பதும் கடினம். ரெகுலேற்றரைச் சிலிண்டரில் பூட்டும் முறையிலும் இரண்டு வகை உண்டு. கவ்விப் பிடிப்பது ஒன்று, திருகி இறுக்குவது மற்றது. உங்கள் கடலில் பாவிக்கும் சிலிண்டருக்கு எது பொருந்தும் என்பதை அங்கேயே இருக்கும் கடைக்காரர் உடனே சொல்வார்.

சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும் திகதிகளைப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை நீரமுக்கச் சோதனையும், ஆண்டுக்கொரு தடவை உட்புறப் பரிசோதனையும் செய்வது பல நாடுகளிலும் உள்ள நடைமுறை. சிலிண்டர் வாயின் திருகுபுரியில் 25 மில்லிமீற்றர் என்றும் முக்கால் அங்குலம் என்றும் இரண்டு அளவுகள் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் வால்வை மற்றதில் பூட்டினால், காற்று நிரப்பும்போது அது பிடுங்கிக்கொண்டு பறக்கக்கூடும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சிலிண்டரை இணையத்தில் வாங்கலாம், அதற்குள் நிரப்பும் காற்றை வாங்க முடியாது. காற்று நிரப்பும் இயந்திரத்தின் வடிகட்டி பழையதாக இருந்தாலோ, அது காற்றை உறிஞ்சும் இடத்தில் என்ஜின் புகை கலந்தாலோ, காபனோரொட்சைட்டு சிலிண்டருக்குள் போய்விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சுத்தமான காற்று நிரப்பித் தரும் கடை மூடப்பட்டால் மலிவாக வாங்கிய சிலிண்டரால் பயனில்லை.

முகக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கடலுக்குப் போகும் எல்லோரும் சிலிண்டர் பூட்டுவதில்லை. ஆழமற்ற நீரில் முகம் கவிழ்த்து மிதந்து பவளப்பாறை பார்க்க எங்கள் மாணவிகளும் விரும்புகிறார்கள். அவர்கள் முதலில் வாங்குவது முகக் கண்ணாடி. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பட்டியை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுத்துக் கையை விடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். இந்தச் சோதனையை எந்தப் படத்தாலும் செய்ய முடியாது. ஒருவர் புகழ்ந்து எழுதிய கண்ணாடி அவருடைய முகத்துக்குப் பொருந்தியது, அவ்வளவுதான்.

எங்களைப் போல் முக்காடு அணிபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியின் சிலிக்கன் விளிம்பு முழுவதும் தோலில் நேரடியாகப் படிய வேண்டும். இடையில் துணி சிறிது அகப்பட்டாலும் தண்ணீர் உள்ளே வரும். ஆகவே நீச்சல் முக்காட்டையும் கொண்டுபோய், இரண்டையும் சேர்த்து அணிந்து பாருங்கள். முக்காட்டின் ஓரம் விளிம்புக்கு வெளியே நிற்க, பட்டி முக்காட்டின் மேலால் போகட்டும்.

கண்ணாடி உறுதிப்படுத்தியதா என்று அதில் எழுதியிருப்பதைப் பாருங்கள். மூக்கை மூடாத சாதாரண நீச்சல் கண்ணாடியை அணிந்து ஆழத்துக்குப் போகவே கூடாது. உள்ளே அமுக்கத்தைச் சமப்படுத்த வழியில்லாததால் அது கண்களைச் சுற்றி உறிஞ்சி இரத்தம் கட்டச் செய்யும்.

இணையத்தில் வாங்கக் கூடியவை

இணையக் கடைகளைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. யாழ் நகரின் மீன்பிடி உபகரணக் கடைகளில் கண்ணாடியும் கால்துடுப்பும் கிடைக்கும், ஆனால் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஏற்ற சிறிய அளவுகள் அரிது. சில கடைகளில் ஆண்டுக்கணக்காகத் தொங்கி வெயிலில் காய்ந்த றப்பரையும் புதிதென்று விற்பார்கள். உடம்பை முழுவதும் மூடும் நீச்சலுடை, நீச்சல் முக்காடு, கைவிளக்கு, வலைப்பை, பயிற்சி நூல்கள் போன்றவற்றை இணையத்தில் வாங்குவதில் தவறில்லை. பொருந்தாவிட்டால் பணம்தான் நட்டமாகும், உயிருக்கு ஆபத்தில்லை. விலையை ஒப்பிடவும் இணையம் உதவும். கடைக்காரரிடம் போவதற்கு முன் அறிந்துகொண்டு போனால் அவரும் கவனமாகவே பேசுவார்.

ஆனால் வெளிநாட்டு விலையைப் பார்க்கும்போது அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கூட்டுங்கள். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 300 ரூபாயைத் தாண்டியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் முன்பே வாசியுங்கள். பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாட்டுக்கு வலு குறைவு.

கருவி மட்டும் போதாது

எவ்வளவு நல்ல கருவியும் பயிற்சிக்கு ஈடாகாது. ஆழத்தில் நீண்ட நேரம் இருந்தால் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் அது குமிழிகளாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். ஒரே நாளில் பல தடவை இறங்கும் எங்கள் சுழியோடிகளில் சிலர் இதனால் நடக்க முடியாமல் போயிருக்கிறார்கள். இதற்கு மருந்து அமுக்க அறை.  கடலிலிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், மெதுவாக மேலே வருவதன் பெறுமதி விளங்கும்.

நானா இப்போது நிலாவெளியில் வாங்கிய ரெகுலேற்றரைப் பாவிக்கிறார். அதன் விலையைத் தவணையாகக் கட்டி முடிக்க எட்டு மாதம் எடுத்தது. வழக்கமாகப் பராமரிப்புக்குக் கொண்டுபோகும்போது அங்கே இருப்பவர் நானாவின் பெயரைச் சொல்லி விசாரிக்கிறார். கருவியின் வரலாறு முழுவதும் அவருடைய கொப்பியில் திகதியோடு எழுதப்பட்டிருக்கிறது.

பழைய ரெகுலேற்றரின் பச்சை பிடித்த அந்த வடிகட்டியைக் கேட்டு வாங்கி வந்து என் மேசையில் வைத்திருக்கிறேன். இன்றும் வீட்டில் யாராவது ஒரு பொருளைத் தேடச் சொன்னால் தேடிக் கொடுக்கிறேன். ஆனால் விலையைச் சொல்வதற்கு முன்னர், அது பழுதானால் யாரிடம் கொண்டுபோவது என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளை கடலில் இறங்குவதாக இருந்தால், பெற்றோரே, நீங்களும் அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்.