வேஷம் போட லீவு!

உத்தியோகஸ்தர்கள் லீவு கேட்பதற்கு எத்தனையோ காரணங்கள் சொல்வதுண்டு. காய்ச்சல், கலியாணம், பாட்டியின் சிராத்தம்! ஆனால், "ஸார், இந்த வருஷம் நான்தான் இரணியகசிபுவின் மனைவி. பத்து நாள் லீவு வேண்டும்" என்று ஒருவர் போய் நின்றால் மேலதிகாரி என்ன சொல்வார்?

சிரிக்காதீர்கள். தஞ்சை ஜில்லாவில் மேலட்டூரைச் சேர்ந்தவர்களுக்கு இது நிஜமான பிரச்னை. அதைச் சொல்வதற்கு முன்னால் உங்களை நம் தலைநகர் வரை அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

பட்டணத்து வேஷம்

2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 'காமிக் கான்' என்ற விழா முதல் தடவையாக நடந்தது. சித்திரக் கதைகளிலும், 'அனிமே' என்கிற ஜப்பானியச் சித்திரப் படங்களிலும் மனத்தைப் பறிகொடுத்த இளைஞர்களும் யுவதிகளும், தங்கள் அபிமான பாத்திரத்தைப் போலவே உடுத்திக்கொண்டு வருவது இந்த விழாவின் விசேஷம். நீல முடி, அட்டையில் செய்த கவசம், இடுப்பில் மரக்கத்தி! இந்த வேஷத்துக்குக் 'காஸ்ப்ளே' என்று பெயர். 1983ல் நோபுயுகி தகஹாஷி என்ற ஜப்பானியர் இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டிச் செய்த பெயர் இது.

வழக்கம் பெயரைவிட மூத்தது. 1939ல் நியூயார்க்கில் விஞ்ஞானக் கதை ரசிகர்கள் கூடியபோதே இரண்டு பேர் எதிர்கால மனிதர்களின் உடையில் வந்து நின்றார்கள். டோக்கியோவில் 1975 டிசம்பரில் சுமார் 700 பேருடன் தொடங்கிய 'காமிக் மார்க்கெட்', பின்னர் லட்சக்கணக்கானவர்கள் திரளும் விழாவாக வளர்ந்துவிட்டது. ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும், ஜனங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நாட்களாகப் பார்த்து அது கூடுகிறது.

இவர்களில் பெரும்பாலோர் நடிகர்கள் அல்ல. மாணவர்கள், குமாஸ்தாக்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். கூலிக்காக அல்ல, பிரியத்துக்காக வேஷம் கட்டுகிறவர்கள்.

காவேரிக்கரைக்காரர்களிடம் இதைச் சொன்னால், "ப்பூ! இவ்வளவுதானா?" என்பார்கள்.

நாயக்கர் கொடுத்த ஊர்

தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர், திருக்கருகாவூருக்குச் சமீபத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது மேலட்டூர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையை ஆளத் தொடங்கிய அச்சுதப்ப நாயக்கர், 510 அந்தணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்து இங்கே குடியமர்த்தினார் என்பது ஊர் வழக்கு. அச்சுதபுரம் என்ற பெயரும் அதனால் வந்ததுதான்.

நாயக்கர் சபையில் செல்வாக்குப் பெற்ற பாஷை தெலுங்கு. ஆகவே இந்த ஊரில் பிறந்த வெங்கடராம சாஸ்திரியார் என்ற மகாவித்வான், பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ஹரிச்சந்திரன், ருக்மாங்கதன், மார்க்கண்டேயன் என்று பல நாட்டிய நாடகங்களைத் தெலுங்கிலேயே இயற்றினார். தியாகராஜ ஸ்வாமிகளின் காலத்தவர் அவர். பாட்டு, ஆட்டம், வசனம், அபிநயம் எல்லாம் சேர்ந்த இந்தக் கலைக்குப் 'பாகவத மேளா' என்று பெயர். சாலியமங்கலம், சூலமங்கலம், ஊத்துக்காடு, தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும் இது ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்தது.

விடிய விடிய

நரசிம்ம ஜயந்தி கோடையின் உச்சியில் வருகிறது. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்திய நாட்களில் குறுவை வயல் காய்ந்து கிடக்கும். பள்ளிக்கூடங்களும் விடுமுறை. ஊர் முழுவதும் ராத்திரி கண் விழிக்க இதைவிடத் தோதான சமயம் உண்டோ?

வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவில் மேடை. பெருமாளே முதல் ரசிகர்; நாடகம் அவருக்கு எதிரில்தான். ராத்திரி பத்து மணி சுமாருக்குக் கோணங்கி வந்து குதித்து ஆடிச் சிரிக்க வைப்பான். பிறகு யானைமுக மூடி அணிந்த ஒரு சிறு பையன் கணபதியாக வந்து ஆடி ஆசி கொடுப்பான். கட்டியக்காரன் கட்டியம் கூற, திரைக்குப் பின்னாலிருந்து இரணியன் வருவான் பாருங்கள், கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன! முன் வரிசைக் குழந்தைகள் தாயாரின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அவன் மனைவி லீலாவதியாக நடந்து வருகிறவரும் ஆண்தான். கண்ணும் புருவமும் கையும் இசைந்து பேசும்போது அது நமக்கு மறந்தே போகிறது.

தூணிலிருந்து நரசிம்மம் வெளிப்படும்போது விடியற்காலை நெருங்கிவிடும். அந்த முகமூடி சாதாரணப் பொருள் அல்ல. கோயிலில் வைத்துப் பூஜை செய்யப்படுவது. அணிகிறவர் அன்று உபவாசம் இருக்கிறார். அணிந்ததும் ஆவேசம் வந்துவிடுகிறது. இரணியன்மேல் பாய்ந்துவிடாதபடி சுற்றி நிற்பவர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நந்தம்பாக்கத்துக்கும் மேலட்டூருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அங்கே வேஷத்தை மனிதர் அணிகிறார். இங்கே வேஷம் மனிதரை அணிந்துகொள்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

யார் வருவார்கள்?

இவ்வளவையும் செய்கிறவர்கள் தொழில் நடிகர்கள் அல்ல. பாங்கியிலும் கம்பெனிகளிலும் வேலை பார்த்துக்கொண்டு, வெளியூர்களிலிருந்து லீவு போட்டுக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் இவர்களில் உண்டு. நாடகத்தின் உயிர், உண்மையில், அந்த லீவு விண்ணப்பத்தில் இருக்கிறது!

ஏனென்றால், இந்தக் கலை ஒரு தடவை படுத்தே விட்டது. பரதம் நடேசய்யர் தம் சொத்தைச் செலவழித்து நடத்திவந்த மேளா, அவருக்குப் பின் தளர்ந்து நின்றது. 1930களில் கணேசய்யர் முதலியவர்கள் கூடி மீண்டும் உயிர் கொடுத்தார்கள். பரத நாட்டியத்துக்காகப் போராடிய இ. கிருஷ்ணய்யர் இதன் பெருமையை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார். மேலட்டூர் பாலு பாகவதரின் உதவியுடன் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் உஷா பரிணயத்தை அரங்கேற்றினார்.

இதன் உறவுக் கலை ஆந்திரத்துக் கூச்சிப்பூடி. அதுவும் ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடியதுதான். 20ஆம் நூற்றாண்டில் பெண்களுக்குக் கதவைத் திறந்தது, தனி ஆட்டமாகவும் மாறியது, உலகமெங்கும் பரவியது. மேலட்டூரோ பழைய முறையை விடவில்லை. ஆடுகிறவர் ஆண், ஊர்க் குடும்பத்தவர், பாஷை தெலுங்கு, நேரம் முழு இரவு. இந்தக் கட்டுப்பாடே அதன் அழகு. இதுவே அதன் ஆபத்தும்கூட. ஊரில் பையன்கள் குறைந்தால் பிரகலாதனை எங்கே தேடுவது? காஸ்ப்ளே உடையைத் தைத்துவிடலாம். இந்த வேஷத்துக்கோ சின்ன வயதிலேயே பாட்டும் ஜதியும் தெலுங்கு உச்சரிப்பும் வாயிலும் காலிலும் ஏற வேண்டும். கதவைச் சிறிது திறப்பதா, பழையபடியே காப்பதா? தீர்மானிக்க வேண்டியவர்கள் மேலட்டூர்க்காரர்கள். ஆனால் வேஷம் கட்டத் தவிக்கும் இளைஞர்கள் நம் நாட்டில் இல்லை என்று மட்டும் இனி யாரும் சொல்ல முடியாது. நந்தம்பாக்கமே அதற்குச் சாட்சி.

வருகிற நரசிம்ம ஜயந்திக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறிவிடுங்கள். விசிறியும் ஒரு ஜமுக்காளமும் மறக்க வேண்டாம். தெலுங்கு தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அநேகமாகத் தெரியாது! இரண்டு மணி சுமாருக்குக் கண்ணைச் சுழற்றும். அப்போது மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். தூண் இன்னும் பிளக்கவில்லை.