புதியவருக்கு ஏற்ற முதல் விளையாட்டு எது?

பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு வீடியோ விளையாட்டு வாங்கப் போகும் தகப்பனார், அந்த ஆண்டில் எல்லோரும் புகழ்ந்த விளையாட்டு எதுவோ அதையே கேட்டு வாங்கி வருகிறார். அன்றிரவு பிள்ளையோடு தாமும் உட்கார்ந்து ஆடிப் பார்க்கிறார். அரை மணி நேரத்துக்குள் பத்துத் தடவை தோற்றுப்போகிறார். திரையில் நிறைந்து கிடக்கும் எண்களும் பட்டியல்களும் எதற்கென்றே அவருக்கு விளங்கவில்லை. "அப்பா, நீங்கள் விடுங்கோ, நான் செய்யிறன்" என்று பிள்ளை கொன்ட்ரோலரை வாங்கிக்கொள்கிறது. தகப்பனார் எழுந்து போகிறார். அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் எட்டிப் பார்ப்பதுமில்லை. பிள்ளை என்ன ஆடுகிறது என்று கேட்பதுமில்லை.

பல வீடுகளில் நடக்கும் கதை இது. தகப்பனாரின் அறிவிலும் குறைவில்லை, பிள்ளையிலும் குற்றமில்லை. பிழை தெரிவில்தான் இருக்கிறது. புகழ் பெற்ற விளையாட்டு வேறு, புதியவருக்கு ஏற்ற விளையாட்டு வேறு என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆர்.பி.ஜி. என்று பிள்ளைகள் சொல்லும் வகையைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது. கதையில் வரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஊர் ஊராகச் சென்று, சந்திப்போருடன் பேசி, சண்டைகளில் அனுபவம் சேர்த்து, சிறிது சிறிதாக வலிமை பெறுவதே இவ்விளையாட்டுகளின் அடிப்படை. மற்ற விளையாட்டுகளில் ஆடுபவரின் கை பழகுகிறது. இதிலோ கதாபாத்திரமும் சேர்ந்து வளர்கிறது. ஆகவே பொறுமையும் வாசிப்பும் உள்ள எவருக்கும், வயது எதுவாயினும், இது பொருந்தும். தொடக்கம் மட்டும் சரியாக அமைய வேண்டும்.

இவ்வகையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்', தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு மேசையைச் சுற்றியிருந்து ஆடப்பட்டது. அதைப் பின்பற்றி 1981இல் 'விசார்ட்ரி', 'அல்டிமா' ஆகியவை கணினிக்கு வந்தன. இரண்டும் சிறந்தவை, ஆனால் கடினமானவை. வழித்தடத்தைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு ஆட வேண்டிய நிலை இருந்தது. கணினி வைத்திருந்த சிலருக்கே அவை பழகின.

அவ்விளையாட்டுகளை விரும்பி ஆடியவர்களில் ஒருவர் யப்பானியரான யூஜி ஹோரி. சாதாரண வீடுகளில் இருந்த 'ஃபமிகொம்' கருவியில், இதுவரை இத்தகைய ஒன்றை ஆடியிராத மக்களுக்காக, அவர் 1986ஆம் ஆண்டு மே மாதம் 'ட்ராகன் குவெஸ்ட்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். அதன் தொடக்கக் காட்சியைக் கவனித்தால் ஒரு நல்ல ஆசிரியரின் கைவண்ணம் புலப்படும். வீரன் அரசனின் சபா மண்டபத்தில் நிற்கிறான். கதவு பூட்டிக் கிடக்கிறது. அங்குள்ள பெட்டிகளைத் திறந்தால்தான் சாவி கிடைக்கும். சாவியைக் கொண்டு கதவைத் திறந்தால்தான் படி இறங்கி வெளியே போகலாம். பேசுவது, பெட்டி திறப்பது, கதவு திறப்பது, படி இறங்குவது என எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் கற்றுக்கொண்ட பிறகே புதியவர் உலகத்துக்குள் காலடி வைக்கிறார்.

மேலும் மூன்று இரக்கங்களை அவ்விளையாட்டு காட்டியது. முதலாவது, ஒரு வீரன், ஒரு நேரத்தில் ஒரே எதிரி; கணக்கு குழம்புவதில்லை. இரண்டாவது, எதிரி காத்து நிற்பான். ஆடுபவர் ஆறுதலாக யோசித்து முடிவெடுக்கலாம். மூன்றாவது, தோற்றால் கையிலுள்ள பொன்னில் பாதி போகுமே தவிர, பெற்ற அனுபவம் போகாது. அரசனின் முன்னால் எழுந்து நின்று மறுபடியும் புறப்படலாம். 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் வீரர் மூவராயினர். 1988இல் வந்த மூன்றாம் பாகத்தில் நால்வராயினர். குழந்தைக்குக் கஞ்சியில் தொடங்கி, மசித்த சோற்றுக்கு வந்து, பின்னர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழக்குவது போல, ஒரு நாட்டு மக்களையே இவ்வகைக்குப் பழக்கியவர் ஹோரி எனலாம்.

இதற்கு நேர்மாறான பாடம் ஒன்றும் உண்டு. 1992இல் 'ஃபைனல் ஃபான்டசி மிஸ்டிக் குவெஸ்ட்' என்ற விளையாட்டு, இவ்வகைக்குப் புதியவர்களான அமெரிக்கர்களை மனதிற்கொண்டு தயாரிக்கப்பட்டது. எதிரிகள் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிந்தார்கள். தோற்றால் அதே சண்டையை உடனே திரும்ப ஆடலாம். ஆயினும் கதை மெலிந்திருந்தது, செய்வதும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தது என்று பலரும் குறை கூறினர். எளிமை வேறு, வெறுமை வேறு. புதியவர் அறியாதவர்தான், அறிவில்லாதவர் அல்லர். அவருக்கும் நல்ல கதை வேண்டும்.

ஆகவே வாங்குமுன் நான்கு கேள்விகள் கேட்பது நன்று. எதிரி காத்திருப்பானா, அல்லது கைவேகம் வேண்டுமா? தோற்றால் எவ்வளவு இழக்க நேரும்? முடிக்க எத்தனை மணி நேரம் செல்லும்? பெட்டியில் போட்டிருக்கும் வயது எல்லை என்ன? ஐரோப்பாவில் 2003ஆம் ஆண்டு முதல் 3, 7, 12, 16, 18 என்ற எண்கள் பெட்டியின் மேலேயே அச்சிடப்படுகின்றன. விலையைப் பார்க்கும் கண் அந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

இக்கேள்விகளுக்கு நல்ல விடை தரும் சிலவற்றைக் குறிப்பிடலாம். முதலாம் 'ட்ராகன் குவெஸ்ட்' 2019ஆம் ஆண்டில் ஸ்விட்ச் கருவிக்கும் வந்தது. சுருக்கமானது, முழுக் கதையையும் ஒருவர் சில வார இறுதிகளில் முடித்துவிடலாம்.

சிறுவர்க்குப் 'போகிமொன்' சிறந்த வாசல். சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் ஆசை கொண்டிருந்த சதோஷி தஜிரி, அந்த மகிழ்ச்சியையே 1996இல் விளையாட்டாக்கினார். நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை வெல்லும், நீர் நெருப்பை அணைக்கும் என்ற விதி ஐந்து நிமிடத்தில் விளங்கும். 2018இல் வந்த 'லெட்ஸ் கோ' பதிப்புகளில் இரண்டாவது ஆளும் கொன்ட்ரோலரை எடுத்துத் துணைக்குச் சேரலாம். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இதைவிடப் பொருத்தமான தொடக்கம் அரிது.

சற்று வளர்ந்தவர்களுக்கு 1995ஆம் ஆண்டின் 'க்ரோனோ ட்ரிகர்' நல்லது. காலம் விட்டுக் காலம் பயணம் செய்யும் கதை, சுமார் 20 மணி நேரத்தில் முடியும், முடிவுகளும் பல. நகைச்சுவை விரும்புவோர் 2023இல் புதுப்பிக்கப்பட்ட 'சூப்பர் மாரியோ ஆர்.பி.ஜி.'யைப் பார்க்கலாம், அதில் புதியவர்க்கென இலகுவான நிலையும் உண்டு. டோபி ஃபொக்ஸ் என்பவர் பெரும்பகுதியைத் தாமே உருவாக்கிய 'அன்டர்டேல்' (2015), ஒருவரையும் கொல்லாமலே முடிக்கக்கூடியது. ஆனால் அந்த நல்வழியில் பாய்ந்து வருவனவற்றை விலகித் தப்ப விரல் வேகம் தேவை. மூத்தவர்கள் இரண்டாவதாக எடுப்பது நலம்.

முதலில் எடுக்கக் கூடாதவையும் உண்டு. 2022இன் 'எல்டன் ரிங்', 2023இன் 'பால்டர்ஸ் கேட் 3' ஆகிய இரண்டும் தத்தம் ஆண்டில் பெரிய விருதுகளைப் பெற்றவை. ஆனால் முன்னதில் கடினத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இல்லை. வயது எல்லை 16. பின்னது நூறு மணி நேரத்தையும் தாண்டக்கூடும். வயது எல்லை 18. இவை கரை கண்டவர்களுக்கு. 'ஃபைனல் ஃபான்டசி' வரிசையில் எண்ணைக் கண்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று மயங்கவும் தேவையில்லை. பிரதான எண்கள் ஒவ்வொன்றும் தனிக்கதை. 11, 14 ஆகிய இரண்டு மட்டும் இணையவழியில் பலரோடு சேர்ந்து ஆடுபவை என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

எந்த நல்ல மருந்துக்கும் அளவு உண்டு. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமல், மற்றெல்லாவற்றையும் பின்தள்ளி, கெடுதி கண்டும் தொடர்ந்து ஆடி, அதனால் படிப்போ வேலையோ குடும்பமோ பெரிதும் பாதிக்கப்படும் நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்பட்டியல் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பொதுவாக 12 மாதமளவு அந்நிலை நீடித்தாலே நோயென்று கொள்வர். ஒரு சனிக்கிழமை கூடுதலாக ஆடிய பிள்ளைக்கு அப்பெயரைச் சூட்டுவது தவறு. மினுங்கும் ஒளியால் வலிப்பு வரும் இயல்புள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

1994இல் யப்பானில் வெளிவந்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்கு 'எர்த்பவுண்ட்' என்ற பெயரில் போன விளையாட்டொன்று உண்டு. அதில் வரும் சிறுவனின் தகப்பனார் எப்போதும் வீட்டில் இல்லாதவர். தொலைபேசியில் குரல் மட்டுமே கேட்கும். நெடுநேரம் ஆடினால் அவரே அழைத்து, சற்று ஓய்வெடுக்கச் சொல்வார். இரவு வேலை, இரட்டை வேலை என்று ஓடும் வீடுகளில் இந்தத் தகப்பனாரைப் பலருக்கும் அடையாளம் தெரியும்.

அவர் தொலைபேசியில் சொன்னதை அருகிலிருந்து சொல்லலாம். அதற்கு அருகில் இருக்க ஒரு காரணம் வேண்டும். முதலில் வாங்குவது, தகப்பனாரும் தாயாரும் அம்மம்மாவும்கூட ஒரு முறை தோற்று மறுபடியும் எழுந்து நிற்கக்கூடியதாக இருந்தால், அந்தக் காரணம் கிடைத்துவிடும். பிள்ளை சொல்லிக் கொடுக்கட்டும். பெரியவர்கள் கேட்டு ஆடட்டும்.