வாய்க்கால் நீரை வாளியால் அளப்போம்

கண்டிக்கு அண்மையில், 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரையும் சுற்றியிருந்த வயல்களையும் மூடியது. அவ்வாறு நிலம் இழந்து புதிய காணிகளில் குடியேறிய குடும்பங்களுக்கு மடைக்கு வரும் ஒவ்வொரு லீற்றர் நீரும் பெறுமதியானது. ஆயினும் கடைமடைக்கு நீர் எட்டாதபோது நாம் மேல்மடைக்காரரையே குறை கூறுகிறோம். நீரை எடுத்தது மனிதரா, மண்ணா? அளந்தால்தான் தெரியும்.

முதலில் வாய்க்கால். இடையிலுள்ள மடைகளை அடைத்து, ஓட்டம் சீரானதும் தலைப்பிலும் கடைசியிலும் ஒரு பீலி வைத்து, நீர் முழுவதையும் 10 லீற்றர் வாளியில் பிடியுங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். எடுத்துக்காட்டாக, தலைப்பில் 4 விநாடியிலும் கடைசியில் 5 விநாடியிலும் வாளி நிரம்பினால், விநாடிக்கு 2.5 லீற்றராகப் புறப்பட்ட நீர் 2 லீற்றராகச் சேருகிறது. வாய்க்காலின் வினைத்திறன் 80 வீதம். இழப்பு மணிக்கு 1,800 லீற்றர்!

அடுத்தது வயல். அடியில்லாத தகரம் ஒன்றைச் சேற்றில் ஆழமாக அமுக்குங்கள். அடியுள்ள தகரம் ஒன்றை அருகே வையுங்கள். இரண்டிலும் வயல் மட்டத்துக்கு நீர் ஊற்றி, மழையில்லாத ஒரு நாளின் பின் பாருங்கள். அடியுள்ளதில் குறைந்தது வெயில் குடித்த நீர். மற்றதில் அதைவிட மேலதிகமாகக் குறைந்தது நிலத்துள் இறங்கிய நீர். வெளியே வயலில் அதைவிடவும் கூடுதலாகக் குறைந்தால் வரம்பு கசிகிறது. கால் ஏக்கரில் 1 சென்ரிமீற்றர் என்பது ஏறக்குறைய 10,000 லீற்றர்.

வாய்க்காலில் 80 வீதமும் வயலில் 60 வீதமும் பயன்பட்டால், பயிருக்குக் கிடைப்பது 48 வீதம் மட்டுமே. இரண்டு இழப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதே காரணம்.

பரிகாரம் பெருஞ்செலவானதல்ல. புல் செதுக்குதல், நண்டு வளைகளைக் களிமண்ணால் அடைத்தல், நன்றாகச் சேறடித்தல், வரம்புகளைச் சேற்றால் மெழுகுதல் ஆகியவற்றைச் செய்தபின் மீண்டும் அளவுங்கள். ஆனால் கசியும் நீர் எல்லாம் வீணல்ல. கீழேயுள்ள அயலவரின் கிணறு அதனால் ஊறக்கூடும். ஆகவே சீமெந்து பூசுமுன் அவர்களையும் கேளுங்கள்.

அளவுகளைத் திகதியிட்டுக் கொப்பியில் எழுதி, போக ஆரம்பக் கூட்டத்திற்குக் கொண்டு செல்லுங்கள். புதிதாக வந்தவர் முறையிட்டால் சிலர் செவிமடுக்காதிருக்கலாம். எல்லோர் முன்னிலையிலும் அளந்த கணக்கை இலகுவில் தட்டிக்கழிக்க முடியாது.